ஒரே அட்டை போட்ட இரண்டு நோட்டு

பூட்டிய எங்கள் மில்லைத் திறக்கச் சொல்லிப் போட்ட வழக்கை உயர் நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்கவே இல்லை என்று செய்தி வந்த அன்று, தெருவில் ஒருவருக்கும் அது முழுதாகப் புரியவில்லை. ஜெயித்தால் புரியும். தோற்றால் அழுது தீர்த்துவிடலாம். எடுக்கவே இல்லை என்றால் என்ன செய்வது? மில் கேட்டுக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள்.

"தள்ளி வச்சிருக்காங்களாம்" என்றார் ஒருவர்.

"தள்ளி வைக்கலய்யா, தள்ளியே விட்டுட்டாங்க" என்றார் மேனேஜரின் கார் டிரைவர். அவர்தான் மேனேஜரைக் கோர்ட்டுக்குக் கூட்டிப் போனவர். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டவர். அதனால் அன்று அவருக்கு இரண்டு டீ இலவசம்.

நான் தையல்காரி. மில் ஆட்களின் காக்கி உடுப்பெல்லாம் என் மெஷினில் தைத்ததுதான். மில்லுக்கு அரசு பூட்டுப் போட்டு நாலு மாதமாகிறது. என் மெஷினும் நாலு மாதமாகப் பாதி நேரம் துணி போர்த்திக்கொண்டு தூங்குகிறது. எனவே நான் வெளியாள் என்று சொல்லிக்கொண்டாலும் அடி எனக்கும் விழுந்ததுதான். எங்கள் வீடுகள் வரிசை வீடுகள். இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர். என் சுவருக்கு அந்தப் பக்கம் பாய்லர்காரர் குடும்பம். அங்கே கரண்டி விழுந்தால் இங்கே நான் திடுக்கிடுவேன். ஒட்டுக்கேட்கிற பழக்கம் எனக்கில்லை. சுவருக்குத்தான் அந்தப் பழக்கம்.

அது அட்டை மில். பழைய காகிதத்தை ஊறவைத்துக் கூழாக்கி, உருளையில் ஏற்றி, அட்டை செய்யும் பழுப்புக் காகிதமாக இறக்குவார்கள். பாய்லர்காரர் நீராவி போடுகிறவர். அவர் பெண்டாட்டிக்கு மில்லின் பரிசோதனை லேபில் வேலை. தெருவே அவளைச் சாம்பிள்காரி என்றுதான் கூப்பிடும். கூழ் பிழிந்த கழிவுத் தண்ணீர் சுத்தம் செய்யும் தொட்டிக்குள் போய், அந்தப் பக்கமாக வாய்க்காலில் விழும். வாய்க்கால் கரை ஊர்களில் கிணறெல்லாம் உப்பாகிவிட்டது என்று மூன்று வருஷமாகப் புகார். தினமும் காலையில் கழிவு வந்து விழுகிற வாயில் குனிந்து அவள் பாட்டிலில் தண்ணீர் பிடிப்பாள். பிடித்த தண்ணீராலேயே பாட்டிலை மூன்று தரம் அலசிக் கொட்டிவிட்டு, நாலாவது தரம் பிடிப்பதுதான் சாம்பிள். இந்தப் பழக்கம் கைக்கு ஏறிப்போய், வீட்டில் குடிக்கத் தண்ணீர் மொண்டால்கூட டம்ளரை மூன்று தரம் அலசுவாள். "உன் பொண்டாட்டி கையில ஒரு வாய் தண்ணி வாங்குறதுக்குள்ள உயிர் போயிடும்டா" என்று பாய்லர்காரரை எல்லாரும் கிண்டல் செய்வார்கள்.

அவளிடம் இரண்டு நோட்டு உண்டு. தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கலாம் என்று அரசு ஒரு வரம்பு வைத்திருக்கிறது: லிட்டருக்கு இரண்டாயிரம் மில்லிகிராம். ஒரு நோட்டில் தினமும் ஆயிரத்து எண்ணூறு, ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று மேனேஜர் சொல்லச் சொல்ல எழுதுவாள். அதிகாரி வந்தால் காட்டுவது அது. இன்னொன்றில் மீட்டர் காட்டுகிற உண்மையான எண். நாலாயிரத்து அறுநூறு, ஐயாயிரத்து இருபது என்று கிடக்கும். பொய் எழுதுகிற மில்லுக்கு மெய் நோட்டு எதற்கு என்று நானே ஒரு தரம் கேட்டேன்.

"உண்மை தெரிஞ்சாத்தானேக்கா தொட்டியில எவ்வளவு சுண்ணாம்பு போடணும்னு தெரியும்? பொய்ய நம்பிச் சுண்ணாம்பு கொட்ட முடியுமா?" என்றாள்.

இரண்டு நோட்டும் ஒரே அளவு, ஒரே கட்டம், ஒரே கையெழுத்து. மெய் நோட்டின் அட்டை மூலையில் மட்டும் பேனாவால் ஒரு புள்ளி வைத்திருப்பாள்.

அரசு ஆட்கள் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து அவர்களே சாம்பிள் எடுத்துப் போனார்கள். பத்தே நாளில் மில்லுக்குப் பூட்டு. மூடிய அன்று மேனேஜர் சாம்பிள்காரியை ஓரமாகக் கூப்பிட்டு, "ரெண்டு நோட்டையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடும்மா. நல்லத பத்திரமா வை. மத்தத இன்னிக்கே கொளுத்திடு" என்றாராம். மேனேஜர் வாயில் நல்ல நோட்டு என்றால் பொய் நோட்டு. அவள் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். ஆனால் கொளுத்தவில்லை. இரண்டையும் மகளின் பள்ளிக்கூட நோட்டுகளுக்கு அடியில் வைத்தாள்.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். பாய்லர்காரருக்கு நோட்டுக்கு அட்டை போடுவதென்றால் அத்தனை ஆசை. மில்லில் உருளையின் கடைசிச் சுற்று மிஞ்சினால் கேட்டு வாங்கி வந்து, மகள் நோட்டுக்கெல்லாம் முனை மடங்காமல், மடிப்புத் தெரியாமல் போட்டுக் கொடுப்பார். நீராவிக் குழாயைப் பிடிக்கிற முரட்டுக் கைக்கு எங்கிருந்து அந்த நளினம் வருமோ தெரியாது. அந்த வருஷம் கையில் வேலையும் இல்லை. மகளின் நோட்டோடு சேர்த்து அந்த இரண்டு நோட்டின் அழுக்கு அட்டையையும் உரித்துவிட்டு, புதுசு போட்டு அடுக்கிவிட்டார். புள்ளி உரித்த அட்டையோடு குப்பைக்குப் போனது.

அதற்கு அடுத்த வாரம் ஃபைல் ஐயா வந்தார். மில் ஆபீஸில் முப்பது வருஷமாக ஃபைல் சுமக்கிற மனிதர். பெண்டாட்டியோடு கடைக்குப் போனாலும் கக்கத்தில் ஒரு ஃபைல் இருக்கும். அன்று நான் சாம்பிள்காரி வீட்டில்தான் அவள் மகளுக்குப் பாவாடை அளவு எடுத்துக்கொண்டிருந்தேன்.

"வக்கீல் உன் நோட்டக் கேக்குறாரும்மா. மூணு வருஷமா எல்லாம் சரியாத்தான் இருந்துச்சுன்னு மனுவோட சேத்துக் குடுக்கணுமாம். வண்டி நிக்குது, சீக்கிரம்" என்றார் வாசலில் நின்றே.

அடுப்பில் பால் பொங்கிக்கொண்டு வந்தது. சாம்பிள்காரி ஒரு கையால் பாத்திரத்தை இறக்கிக்கொண்டே, இன்னொரு கையால் அடுக்கிலிருந்து ஒரு நோட்டை உருவினாள். மூலையில் புள்ளி இல்லை; ஒரு கண் பாலில் இருக்க, திறந்து பார்த்தாள். அவள் கையெழுத்து, அவள் கட்டம். கொடுத்துவிட்டாள். அடுப்பைத் துடைத்தாள். நான் பாவாடை நீளத்தைச் சொன்னேன். இவ்வளவுதான் நடந்தது.

கோர்ட்டில் என்ன நடந்தது என்று டிரைவர் சொன்னதைச் சொல்கிறேன். கம்பெனி வக்கீல் எழுந்து, ஒரே ஒரு நாள் சாம்பிளை வைத்து அரசு மில்லை மூடிவிட்டது, எங்கள் மூன்று வருஷ நோட்டைப் பாருங்கள் என்றிருக்கிறார். அரசு வக்கீல் சிரித்துக்கொண்டே, பார்த்தோம், நீதிபதியும் பார்க்க வேண்டும் என்று பக்கத்தைச் சொல்லியிருக்கிறார். நீதிபதி நாலு பக்கம் புரட்டினார். இது உங்கள் நோட்டா? ஆமாம். ஒவ்வொரு பக்கத்திலும் உண்மை நகல் என்று கையெழுத்துப் போட்டிருப்பது உங்கள் மேனேஜரா? ஆமாம். அரசு ஒரு நாள் அளந்து நாலாயிரம் என்கிறது. நீங்கள் மூன்று வருஷமாக அளந்து ஐயாயிரம் என்கிறீர்கள். இதில் நாங்கள் விசாரிக்க என்ன இருக்கிறது? அவ்வளவுதான், அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். மேனேஜர் நூற்றுச் சொச்சம் பக்கத்திலும் ஒன்றைக்கூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவர் இதுவரை உண்மை என்று போட்ட கையெழுத்தில் உண்மையாக இருந்தது அது ஒன்றுதான்.

மேனேஜர் நேராகச் சாம்பிள்காரி வீட்டு வாசலுக்கு வந்தார். சுவர் எனக்குச் சொன்னது.

"அந்த நோட்டக் கொளுத்தினியா இல்லையா?"

"கொளுத்திட்டேன் சார்."

பயத்தில் வந்த பொய். ஒரு மூச்சில் வந்துவிட்டது. அதை வைத்து மேனேஜர் ஒரு கதையே கட்டிவிட்டார். நோட்டு கொளுத்தியாயிற்று என்றால் கோர்ட்டுக்குப் போனது எது? ஃபைல் ஐயா முன்கூட்டியே நகல் எடுத்து வைத்துக்கொண்டு, வாய்க்கால் கரை ஊர்க்காரர்களிடம் காசு வாங்கிக்கொண்டு, வழியில் மாற்றிவிட்டார். மில்லை வித்த ஆள் அவர்தான்.

"எனக்குக் குடுத்தத நான் கொண்டுபோய்க் குடுத்தேன்" என்று மட்டும் ஃபைல் ஐயா சொன்னார். யார் கொடுத்தது என்று அவர் வாயிலிருந்து வரவேயில்லை. இருநூறு குடும்பத்தின் கோபத்துக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது, கிடைத்துவிட்டார். டீக்கடையில் அவர் உட்கார்ந்தால் பெஞ்சு காலியானது. எங்கள் தெரு வழியாகத்தான் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். சாம்பிள்காரி வாசல் வரும்போது மட்டும் தலையைக் குனிந்துகொள்வார். அவள் முகத்தைப் பார்த்தால் அவள் சங்கடப்படுவாள் என்று குனிந்தார். அதுதான் அவளைக் கொன்றது.

என்னையும் சொல்ல வேண்டும். நோட்டு கைமாறியதைக் கண்ணால் பார்த்தவள் நான். டிரைவர் சொன்னதைக் கேட்ட அன்றே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒன்பது நாள் நான் வாயைத் திறக்கவில்லை. ஊசியில் நூல் கோர்க்கிறவள் மாதிரி குனிந்தே இருந்தேன்.

பத்தாம் நாள் யாரோ ஃபைல் ஐயா வீட்டு ஜன்னலில் கல்லெறிந்தார்கள். அவர் பெண்டாட்டிக்கு நெற்றியில் கண்ணாடி கிழித்துவிட்டது. அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் சாம்பிள்காரி புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அப்புறம் பாய்லர்காரர் குரல் எழும்பியது.

"கொளுத்தச் சொன்னா கொளுத்த வேண்டியதுதானே? எதுக்கு வச்சிருந்த? அடைகாக்கவா?"

"பாய்லர்ல மணிக்கு மணி பிரஷர் எழுதுறீங்களே, அந்த நோட்ட ஒருத்தன் கொளுத்தச் சொன்னா கொளுத்துவீங்களா?"

"அது வேற."

"என்ன வேற? மூணு வருஷம் தினம் குனிஞ்சு எடுத்து எழுதினதுங்க. மனசு வரல. அவ்வளவுதான்."

"சரி, இப்ப என்ன பண்ணப் போற?"

"நாளைக்குக் கேட்டுல கூட்டம் போடுறாங்கல்ல, அங்க போய்ச் சொல்லப் போறேன்."

"உனக்கென்ன பைத்தியமா? பாப்பாவ நெனச்சுப் பாத்தியா? அந்தக் கல்லு நம்ம ஜன்னலுக்கு வரும்டி!"

"வரட்டும். வர வேண்டிய ஜன்னல் இதுதானே."

அதற்குள் மகள், "அப்பா, புது அட்டை போட்டது நீதானேப்பா?" என்றது கேட்டது. குழந்தைகளை வாயை மூடு என்று சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கத்தான் செய்கிறது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. பூட்டிய கேட்டுக்கு முன்னால் நூறு பேருக்கு மேல் நின்றார்கள். ஃபைல் ஐயாவையும் விளக்கம் சொல்ல வரச் சொல்லியிருந்தார்கள். அவர் ஃபைல் இல்லாமல் வந்து நின்றதைப் பார்க்கவே என்னமோ போலிருந்தது; உடம்பில் ஒரு உறுப்புக் குறைந்த மாதிரி கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தடுமாறினார்.

சாம்பிள்காரி கூட்டத்துக்குள் புகுந்து முன்னால் போனாள்.

"அவர விடுங்க. நோட்ட மாத்திக் குடுத்தது நான்தான். கொளுத்திட்டேன்னு மேனேஜர் சார்கிட்ட சொன்னது பொய். ரெண்டுக்கும் ஒரே மாதிரி அட்டை. அவசரத்துல மாறிப் போச்சு."

நான் அப்போதுதான் வாயைத் திறந்தேன். "அவ குடுத்தத நான் பாத்தேன். ஐயா பிரிச்சுக்கூடப் பாக்கல" என்றேன். பத்து நாள் ஊறிய வார்த்தை, குழறித்தான் வந்தது.

பிறகு பின்னாலிருந்து ஒரு குரல்: "மாறிப் போச்சாம்ல! இவ நாத்தனா வாய்க்கால் கரையிலதானே வாக்கப்பட்டிருக்கா? நாத்தனா கிணத்துக்காக நம்ம உலையில மண்ணப் போட்டுட்டா!"

"ஐயோ, சத்தியமா தெரியாமத்தாங்க…"

"கூட இருந்தே குழி பறிச்சிட்டியே!"

அவள் சொல்லச் சொல்ல ஒருவர் காதிலும் ஏறவில்லை. அப்போது பாய்லர்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். இரவு முழுக்கத் தூங்காத முகம். அவளை இழுத்துக்கொண்டு போகத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் போய் அவள் பக்கத்தில் நின்றார்.

"அட்டை போட்டது நான். புள்ளிய உரிச்சு எறிஞ்சதும் நான்தான். திட்டணும்னா ரெண்டு பேரையும் சேத்துத் திட்டுங்க" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கல்லெறியறவன் பகல்ல வாங்கடா. வீட்டுல பொம்பளப் புள்ள இருக்கு" என்றும் சொன்னார்.

கல் வரவில்லை. அந்த வீட்டோடு தெருவின் பேச்சுதான் நின்றது. மகளோடு பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் ஐந்து நிமிஷம் முன்னதாகக் கிளம்பக் கற்றுக்கொண்டன. மேனேஜர் வேறு ஊர் மில்லுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருக்கென்ன, எங்கே போனாலும் கையெழுத்துப் போடலாம். பாய்லர்காரர் விடியற்காலையில் இரண்டு பஸ் மாறி, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் துணி வெளுக்கிற பாய்லருக்குப் போகிறார். பாதிச் சம்பளம். ஃபைல் ஐயா மட்டும் ஒரு நாள் வாசலில் நின்று, இந்த முறை தலையை நிமிர்த்தி, "நீ சொல்லாமயே இருந்திருக்கலாம்மா" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இத்தன நாளா என் பொண்டாட்டியே என்ன நம்பல. இன்னிக்குத்தான் கேக்காமயே டீ குடுத்தா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். பாய்லர்காரருக்கு மூத்தவள். வெயிலில் கறுத்து, பல் வரிசை பழுப்பேறி இருந்தாள். கையில் ஒரு பாட்டில். நான் பாவாடை மடிப்புப் பிரித்துவிட அங்கே போயிருந்தேன். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே நாத்தனார் சாம்பிள்காரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"எங்க ஊரே உன்னத்தான் பேசுதும்மா. சோத்துல கை வைக்கும்போது உன்ன நெனச்சுக்கிறோம். புருஷன் வேல போனாலும் பரவாயில்லைன்னு செஞ்சிருக்கியே, எந்தப் பொம்பளைக்கு வரும் இந்தத் தைரியம்!"

சாம்பிள்காரி கையை உருவிக்கொண்டாள்.

"அண்ணி, நான் தெரியாமத்தான் குடுத்தேன்."

"ஊருக்கு அப்படிச் சொல்லு. எங்கிட்ட எதுக்கு?"

"இல்ல அண்ணி. நெசமாவே தெரியாது. தெரிஞ்சிருந்தா பொய் நோட்டத்தான் எடுத்துக் குடுத்திருப்பேன். உங்க கிணறு கெட்டுப் போச்சுன்னு எனக்கு மூணு வருஷமாத் தெரியும். தினம் என் கையாலதானே எழுதினேன்? நீங்க ஒரு மைல் நடந்து தண்ணி தூக்குறதும் தெரியும். அப்பவும் பொய் நோட்டத்தான் குடுத்திருப்பேன். இவங்க திட்டுனது எனக்கு வலிக்கல. நீங்க கையப் பிடிக்கிறீங்களே, அதுதான் தாங்க முடியல" என்று சொல்லிவிட்டு அவள் அழுதாள். கோர்ட்டுச் செய்தி வந்த நாளிலிருந்து அவள் அழுது நான் கேட்டதில்லை.

நாத்தனார் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.

"மூணு வருஷமா எங்க ஊர்ல பெட்டிஷன் எழுதிக்கிட்டுதான் இருந்தாங்க. அத்தன வீட்டுலயும் கையெழுத்து வாங்கினாங்க. நான் ஒண்ணுலயும் போடல. தம்பிக்கு வேல போயிடுமேன்னு. என் பேத்திக்கு வயித்துல புண்ணு வந்தப்பகூடப் போடல."

பாய்லர்காரர் அக்காவைப் பார்த்தார். எழுந்து போய் அவளுக்குத் தண்ணீர் மொண்டார். டம்ளரை மூன்று தரம் அலசினார்.

குடித்து முடித்து நாத்தனார் பாட்டிலை நகர்த்தி வைத்தாள். "கிணத்துத் தண்ணி. மில்லு நின்னு அஞ்சு மாசமாச்சே, இப்ப எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்லு."

மில்லில் பழசென்று தூக்கிப் போட்ட பேனா மாதிரியான மீட்டர் ஒன்று சாம்பிள்காரியிடம் இருந்தது. ஒரு கிண்ணத்தை அந்தத் தண்ணீராலேயே மூன்று தரம் அலசிக் கொட்டிவிட்டு, நாலாவதாக ஊற்றி மீட்டரை முக்கினாள். நாங்கள் எல்லாரும் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏறி, இறங்கி, நின்றது.

"மூவாயிரத்து நூறு."

"அப்ப குறைஞ்சிருக்கா?"

"முன்னாடி எவ்வளவு இருந்துச்சுன்னு தெரியாதே அண்ணி. உங்க கிணத்த நான் ஒரு தடவகூட அளந்து பாக்கல. பயந்துக்கிட்டு." அவள் மூக்கை உறிஞ்சினாள். "இது குடிக்க ஆகாது. அடுத்த மாசமும் கொண்டு வாங்க. அப்பத்தான் குறையுதா இல்லையான்னு சொல்ல முடியும்."

மகள் தன் அடுக்கிலிருந்து எழுதாத நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். சாம்பிள்காரி ஸ்கேலை வைத்துக் கட்டம் போட்டாள். தேதி, கிணறு, எண். அவள் எழுதி முடிப்பதற்குள் பாய்லர்காரர் பரணிலிருந்து மில் காகிதத்தில் மிச்சமிருந்த சுருளை இறக்கிவிட்டார். தரையில் விரித்து, உள்ளங்கையால் சுருக்கத்தை நீவி, கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார்.

"ஒண்ணுக்கு மட்டும் வெட்டினா போதுமா?" என்று பழக்கதோஷத்தில் கேட்டார்.

"ஒண்ணு போதும்" என்றாள் அவள்.